92-வது இடம்: இங்கிலாந்துக் கால்பந்தின் அடிவரிசைச் சண்டை

1997 மே 3. இங்கிலாந்தின் மேற்கு ஓரம், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் ஹெரிஃபர்ட் என்ற ஊர். அங்கே எட்கர் ஸ்ட்ரீட் மைதானத்தில் எட்டாயிரத்துச் சொச்சம் பேர் கூடியிருந்தார்கள். ஆடியவை ஹெரிஃபர்ட் யுனைடெட்டும், தென் கடற்கரையிலிருந்து வந்த பிரைட்டனும். அன்றைக்குக் கோப்பை எதுவும் கிடையாது. ஜெயிக்கிற அணிக்குக் கிடைக்கப்போவது இவ்வளவுதான்: அடுத்த வருஷமும் இதே அடிமட்ட டிவிஷனில் ஆடலாம்.

ஆட்டம் முடிந்தபோது ஒரு பக்கத்து ரசிகர்கள் அழுதார்கள். இன்னொரு பக்கமும் அழுதார்கள், ஆனால் தப்பித்த நிம்மதியில். இங்கிலாந்தின் லீக் கிளப்புகளை வரிசையாக நிற்கவைத்தால் மொத்தம் 92. அவர்கள் அடித்துக்கொண்டது 91-வது இடத்துக்கும் 92-வது இடத்துக்கும் நடுவில். அதற்கு ஏன் இத்தனை கண்ணீர் என்று புரிந்துவிட்டால், ஏப்ரல், மே மாதங்களில் அந்த நாட்டில் நடப்பது பாதி புரிந்துவிடும்.

முதலில் நமக்குப் பழகியதை வைத்துப் பார்ப்போம். ஐபிஎல்லில் ஓர் அணி கடைசி இடத்துக்குப் போனால் என்ன ஆகும்? ரசிகர்கள் திட்டுவார்கள், மீம்ஸ் பறக்கும், ஏலத்தில் நாலு பேரை மாற்றுவார்கள். அடுத்த சீசனில் அதே அணி அதே இடத்தில் வந்து நிற்கும். கதவு மூடிய வீடு அது. உள்ளே இருப்பவர் வெளியே போவதில்லை, வெளியே இருப்பவர் உள்ளே வரவும் முடியாது.

இங்கிலாந்துக் கால்பந்து மாடிப்படி மாதிரி. உச்சியில் பிரீமியர் லீக், 20 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று படிகள், ஒவ்வொன்றிலும் 24 அணிகள். 20-ஐயும் 72-ஐயும் கூட்டினால் 92. இந்த நாலு படிக்குள் இருப்பதைத்தான் 'லீக்கில் இருப்பது' என்பார்கள். படி அங்கேயும் முடிவதில்லை. லீக் டூவுக்குக் கீழே நேஷனல் லீக், அதற்குக் கீழே வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவுகள், அப்புறம் இன்னும் கீழே, வேலை முடித்து வந்து ஆடுகிறவர்களின் ஊர் அணிகள்வரை இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஒவ்வொரு படியின் மேல்நுனியில் இருப்பவர்கள் ஒரு படி ஏறுவார்கள், இதற்குப் பெயர் புரமோஷன். அடியில் கிடப்பவர்கள் ஒரு படி இறங்குவார்கள், அது ரெலகேஷன். பிரீமியர் லீக்கில் ஆடும் கிளப் ஆறேழு வருஷத்தில் நாலாவது படிக்கு வந்துவிடலாம். நாலாவது படியில் இருந்தவர் பிரீமியர் லீக்கில் போய் நிற்கவும் செய்யலாம். இரண்டும் நடந்திருக்கிறது.

எத்தனை பேர் ஏறுவார்கள், எத்தனை பேர் இறங்குவார்கள் என்பது படிக்குப் படி மாறும். சாம்பியன்ஷிப்பிலிருந்து மூன்று அணிகள் மேலே போகும், மூன்று கீழே வரும். லீக் ஒன்னில் கடைசி நாலு பேருக்கு இறக்கம். லீக் டூவில் மேலே போவது நாலு, கீழே போவது இரண்டே இரண்டு. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். புள்ளிப் பட்டியலில் குறுக்கே ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்பதுதான் விஷயம்.

சரி, பட்டியலைப் படிப்பது எப்படி? 24 அணிகள் உள்ள படிகளில் ஒவ்வோர் அணியும் ஒரு சீசனில் 46 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. 1981 வரை வெற்றிக்கு 2 புள்ளிதான் கொடுத்தார்கள். டிராவையே நம்பி ஓட்டிக்கொண்டிருந்த அணிகளை வெற்றிக்கு முயலவைக்க மூன்றாக்கினார்கள். கீழ்த்தட்டு ரசிகர்கள் பலரும் ஆகஸ்டிலேயே மனதுக்குள் 50 என்று ஒரு குறி வைத்துக்கொள்வார்கள். 50 புள்ளி வந்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்தோம் என்று அர்த்தம். இது சட்டமல்ல, ஒரு நம்பிக்கை. நம் வீட்டில் இருபதாம் தேதிவரை காசு தாங்கினால் மாதம் ஓடிவிடும் என்று நினைப்போமே, அந்த மாதிரி.

மார்ச் பிறந்ததும் மனக்கணக்கு ஆரம்பிக்கும். உங்கள் அணி ஓர் எதிரியைவிட 2 புள்ளி பின்னால் இருக்கிறது, அதே எதிரியோடு இந்த சனிக்கிழமை ஆட்டம் என்று வையுங்கள். ஜெயித்தால் 1 புள்ளி முன்னால். தோற்றால் 5 புள்ளி பின்னால். இரண்டுக்கும் வித்தியாசம் 6. இப்படிப்பட்ட ஆட்டத்தைத்தான் அங்கே 'சிக்ஸ் பாயின்டர்' என்பார்கள். கிடைப்பது மூன்று புள்ளிதான், ஆனால் எதிரி வாயில் விழவிருந்த மூன்றையும் பிடுங்கியாகிவிட்டது.

'கணக்குப்படி இன்னும் வாய்ப்பு இருக்கிறது' என்ற சொல்லையும் அடிக்கடி கேட்பீர்கள். ஐந்து ஆட்டம் மிச்சம் இருந்தால் அதிகபட்சம் 15 புள்ளி. கோட்டுக்கு மேலே இருக்கும் கடைசி அணியைவிட நீங்கள் 16 புள்ளி பின்தங்கினால் சங்கு ஊதியாகிவிட்டது. 15 என்றால் கணக்குப்படி உயிர் இருக்கிறது. ஐந்திலும் நீங்கள் ஜெயிக்க வேண்டும், அவர்கள் ஐந்திலும் தோற்க வேண்டும், கோல் வித்தியாசமும் கைகொடுக்க வேண்டும். நடக்காது என்று தெரியும். ஆனாலும் கால்குலேட்டரை எடுப்பார்கள்.

சில சமயம் நடந்தும் விடுகிறது. 2017 மார்ச்சில் வேல்ஸின் நியூபோர்ட் கவுண்டி 12 ஆட்டங்கள் மிச்சமிருக்க 11 புள்ளி பின்னால் கிடந்தது. உள்ளூர்க்காரரான மைக்கேல் ஃப்ளின்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். மே 6, கடைசி நாள், அவர்கள் ஹார்ட்டில்பூலைவிட 2 புள்ளி மேலே வந்துவிட்டிருந்தார்கள். இந்த இரண்டில் ஒன்றுதான் லீக்கில் நிற்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஆடவில்லை, வெவ்வேறு ஊரில், வெவ்வேறு எதிரியோடு, ஒரே நேரத்தில் ஆடின. டான்காஸ்டருக்கு எதிராகப் பின்தங்கியிருந்த ஹார்ட்டில்பூல் கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு கோல் போட்டு 2-1 என்று முந்தியது. அங்கே நியூபோர்ட் 1-1 என்று டிராவில் நின்றது. அப்படியே முடிந்தால் இருவருக்கும் 46 புள்ளி, கோல் வித்தியாசத்தில் ஹார்ட்டில்பூல் மேலே. ஹார்ட்டில்பூல் மைதானம் குதித்தது. 89-வது நிமிடத்தில் நியூபோர்ட்டின் தடுப்பாட்டக்காரர் மார்க் ஓபிரையன் பந்தை வலைக்குள் அடித்தார். இருநூறு மைல்களுக்கும் அப்பால் நடந்தது. ஹார்ட்டில்பூலில் ஆடியவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆட்டத்தை ஜெயித்தும் விட்டார்கள். ஆனாலும் 96 வருஷ லீக் வாழ்க்கை அன்றோடு அறுந்தது.

அந்தக் கடைசி நாளில் ரசிகர் கண் பாதி நேரம் மைதானத்தில் இருக்காது. இப்போது கையில் ஃபோன், அந்தக் காலத்தில் காதில் டிரான்சிஸ்டர். களத்தில் ஒன்றுமே நடக்காத நேரத்தில் ஒரு மூலையில் திடீரென்று கூச்சல் எழும், அலை மாதிரி அரங்கைச் சுற்றும். வேறெங்கோ யாரோ கோல் போட்டிருக்கிறார்கள். அதில் பாதி வதந்தியாக இருக்கும். யாரோ ஒருவர் காதில் தப்பாக விழுந்ததை நம்பி ஆயிரம் பேர் கட்டிப்பிடித்துக்கொண்ட பிறகு, இல்லையாம் என்று தெரியவரும். ஒரு டிவிஷனின் கடைசிச் சுற்று ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்கவைப்பதற்குக் காரணமும் இதுதான். அடுத்தவர் முடிவைத் தெரிந்துகொண்டு ஆடக்கூடாது.

மேலே ஏறும் கதைக்கு வருவோம். லீக் ஒன்னில் முதல் இரண்டு இடங்களுக்கு நேரடியாகச் சாம்பியன்ஷிப். மூன்றிலிருந்து ஆறுவரை வந்த நாலு அணிகளும் பிளே ஆஃப் ஆடும்: அரையிறுதி, அப்புறம் வெம்ப்ளியில் இறுதி. அதில் ஜெயிக்கும் ஒன்று மூன்றாவதாக ஏறும். 1987-ல் வந்த ஏற்பாடு இது. நடுவில் இருக்கும் அணிகளுக்கும் மே மாதம்வரை ஆடுவதற்கு ஒரு காரணம் வேண்டும், டிக்கெட் விற்க வேண்டும் என்பதே நோக்கம். ஒரு வருஷம் முழுக்க உழைத்து மூன்றாவதாக வந்தவர், ஆறாவதாக வந்தவரிடம் தோற்றுப்போவது நியாயமா என்று கேட்டால், இல்லைதான். பார்ப்பதற்கு இதைப்போல ஒன்று கிடையாது என்பதும் உண்மை.

இரண்டாவது இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் உள்ள தூரத்தை 2013 ஏப்ரல் 27 காட்டியதுபோல வேறெதுவும் காட்டியதில்லை. லண்டனின் கிரிஃபின் பார்க்கில் பிரென்ட்ஃபோர்டும் டான்காஸ்டரும், கடைசி ஆட்டம். டான்காஸ்டருக்கு 81 புள்ளி, பிரென்ட்ஃபோர்டுக்கு 79. டான்காஸ்டருக்கு டிரா போதும். பிரென்ட்ஃபோர்டு ஜெயித்தே ஆக வேண்டும். 90 நிமிடம் ஓடியும் 0-0. காயநேரத்தில் பிரென்ட்ஃபோர்டுக்கு ஒரு பெனால்டி. உள்ளே போனால் 82, எதிரி 81, நேரடி ஏற்றம். வழக்கமாக அடிப்பவர் கேப்டன் கெவின் ஓகானர். ஆனால் வேறொரு கிளப்பிலிருந்து கடனுக்கு வந்திருந்த இளைஞர் மார்செல்லோ ட்ரோட்டா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு விடவே இல்லை. ஓங்கி அடித்தார். மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பிரென்ட்ஃபோர்டு வீரர்கள் முழுக்க அந்தப் பக்கக் கோல் வாயில். டான்காஸ்டர் பந்தை வாரி எடுத்துத் திறந்து கிடந்த மைதானத்தில் ஓட, பில்லி பெயின்டர் தள்ளிவிட, ஜேம்ஸ் காப்பிங்கர் காலியான வலையில் போட்டார். ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் பிரென்ட்ஃபோர்டு மூன்றாவது இடத்திலேயே நின்றுவிட்டது, டான்காஸ்டர் 84 புள்ளியோடு சாம்பியனே ஆகிவிட்டது. பிரென்ட்ஃபோர்டு பிளே ஆஃப் இறுதியிலும் யோவிலிடம் தோற்றது. கம்பத்தில் பட்ட சத்தம் இன்னும் காதில் கேட்கிறது என்று அன்று அங்கிருந்த யாராவது சொன்னால் நான் நம்புவேன்.

இப்போது அடிவாசல். 92 அணிகளின் வீட்டுக்கு அடியில் ஒரு கதவு இருக்கிறது. அது எப்போதும் திறந்திருக்கவில்லை. 1987-க்கு முன்னால் நாலாவது டிவிஷனின் (இன்றைய லீக் டூ) கடைசி நாலு பேர் மற்ற கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். பெரும்பாலும் பழைய ஆட்களே திரும்ப வந்துவிடுவார்கள், நம்ம ஆளை நாமே தள்ளிவிடுவதா என்று. எப்போதாவதுதான் புதியவர் உள்ளே வருவார். அப்படி 1972-ல் பாரோ என்ற கிளப்பை வெளியே தள்ளிவிட்டு உள்ளே வந்ததுதான் ஹெரிஃபர்ட். அதே வருஷம் எல்லாப் படி அணிகளும் மோதும் எஃப்ஏ கோப்பையில், அப்போது உச்சிப் படியாக இருந்த முதல் டிவிஷனின் நியூகாசிலை அவர்கள் சாய்த்திருந்தார்கள், நாடே அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. வெளியே போன பாரோவுக்குத் திரும்பி வர 48 வருஷம் ஆனது.

1987-ல் ஓட்டு முறை போய், கடைசி இடம் என்றால் நேரடி வெளியேற்றம் என்ற விதி வந்தது. அப்போது கீழே போவது ஒரே ஓர் அணி, இரண்டாக்கியது பிற்பாடுதான். அந்த முதல் வருஷக் கடைசி நாளை நாய் இல்லாமல் சொல்ல முடியாது. டார்கீ யுனைடெட் 1-2 என்று பின்தங்கியிருந்தது. பிரின் என்ற போலீஸ் நாய், எல்லைக்கோட்டருகே ஓடிவந்த டார்கீ வீரர் ஜிம் மெக்நிக்கல் தன்னைப் பிடித்திருந்த காவலரைத் தாக்க வருகிறார் என்று நினைத்து, அவர் தொடையைக் கவ்விவிட்டது. சிகிச்சைக்கு ஆன நேரத்தை நடுவர் ஆட்டத்தோடு சேர்த்தார். அந்த நேரத்தில் பால் டாப்சன் கோல் போட்டு 2-2. டார்கீ தப்பியது. அந்த நாளைக் கோட்டுக்கு மேலே நின்று தொடங்கிய லிங்கன் சிட்டி, அதே 48 புள்ளி எடுத்தும் கோல் வித்தியாசத்தில் கீழே விழுந்தது. டார்கீக்கு ஏதோ ஒரு ராசி உண்டு. 1996-ல் அவர்கள் நிஜமாகவே கடைசியாக வந்தார்கள். ஆனால் கீழிருந்து ஏற வேண்டிய ஸ்டீவனேஜின் மைதானம் லீக் தரத்துக்கு இல்லை என்று தடுத்துவிட்டதால் அப்போதும் பிழைத்தார்கள்.

கீழே போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். தொலைக்காட்சிப் பணம் சுருங்கும், ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் போய்விடுவார்கள், அலுவலகத்தில் டிக்கெட் கிழிக்கிறவருக்கும் புல் வெட்டுகிறவருக்கும் வேலை நிச்சயமில்லை. அதைவிட, திரும்பி ஏறும் வாசல் குறுகல். நேஷனல் லீக்கில் 24 அணிகளுக்கு இப்போதைக்கு இரண்டே இடம்: சாம்பியனுக்கு ஒன்று, பிளே ஆஃப் ஜெயிப்பவருக்கு ஒன்று. 2023-ல் ரெக்ஸம் 111 புள்ளி எடுத்து மேலே போனது. நாட்ஸ் கவுண்டி 107 எடுத்தும் நேரடியாகப் போக முடியாமல் பிளே ஆஃபில் பெனால்டி வரை இழுத்துத்தான் தப்பியது. ரெக்ஸம் அந்தப் படியில் சிக்கியிருந்தது 15 வருஷம்.

சில சமயம் விழுவது மைதானத்தில்கூட இல்லை. நிதி முறைகேடு, கடன் என்று வந்தால் புள்ளிகளைப் பிடுங்குவார்கள். லூட்டன் டவுன் 2008-09 சீசனைத் தொடங்கியதே மைனஸ் 30-ல். அவர்கள் களத்தில் சம்பாதித்தது 56 புள்ளி, நிம்மதியாகத் தங்கியிருக்கலாம். பட்டியலில் நின்றது 26. சொந்த ஊர்க்காரர்கள் செய்யாத தப்புக்கு ஊரே தண்டனை அனுபவித்தது. அதே லூட்டன் 2023-ல் பிரீமியர் லீக்குக்குப் போய், அடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டு படி சறுக்கி லீக் ஒன்னுக்கு வந்து நின்றதும் நடந்தது.

சரி, எட்கர் ஸ்ட்ரீட்டுக்குத் திரும்புவோம். ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிக்கும் 46 புள்ளி. ஆட்டம் 1-1. பிரைட்டனின் கெரி மேயோ தன் வலையிலேயே பந்தைத் தள்ளிவிட, ஹெரிஃபர்ட் முந்தியது. இரண்டாவது பாதியில் கம்பத்தில் பட்டுத் தெறித்த பந்தை ராபி ரைனெல்ட் உள்ளே போட்டார். இருவருக்கும் இப்போது 47. சமப்புள்ளி என்றால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள் என்பது இன்றைய வழக்கம். போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழிக்க வேண்டும். ஹெரிஃபர்ட் போட்டது 50, வாங்கியது 65: மைனஸ் 15. பிரைட்டன் போட்டது 53, வாங்கியது 70: மைனஸ் 17. ஹெரிஃபர்ட்தான் மேல்.

ஆனால் அந்த வருஷங்களில், பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள மூன்று படிகளை நடத்திய ஃபுட்பால் லீக் அமைப்பு வேறொரு விதி வைத்திருந்தது. தாக்கி ஆடுவதை ஊக்குவிக்க, சமப்புள்ளி வந்தால் முதலில் போட்ட கோல்களை மட்டும் எண்ணுவார்கள். 53, 50. பிரைட்டன் தங்கியது, ஹெரிஃபர்ட் போனது. அதிலும் பிரைட்டனுக்கு அந்த சீசனில் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்ததற்காக 2 புள்ளி வெட்டு விழுந்திருந்தது. கிளப் உரிமையாளர்கள் கோல்ட்ஸ்டோன் மைதானத்தை விற்றதை எதிர்த்துப் புகுந்தவர்கள் அவர்கள். அந்த 2 புள்ளியால் கிளப்பே போயிருந்தால் அந்த ரசிகர்கள் தங்களை மன்னித்திருப்பார்களா, தெரியாது. இரண்டு வருஷம் கழித்து அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள்.

வீடில்லாத பிரைட்டன் அடுத்த இரண்டு சீசனும் தொலைவில் கில்லிங்கம் மைதானத்தில் வாடகைக்கு ஆடியது. 2017-ல் பிரீமியர் லீக்குக்கு ஏறியது, 2023-ல் ஐரோப்பியப் போட்டிக்கும் தகுதி பெற்றது. ஹெரிஃபர்ட் 2006-ல் ஒரு தடவை லீக்குக்குத் திரும்பி வந்து, 2012-ல் மறுபடி விழுந்து, 2014 டிசம்பரில் நீதிமன்றத்தில் கலைக்கப்பட்டது. சில மாதங்களில் ரசிகர்கள் ஹெரிஃபர்ட் எஃப்சி என்று புதிதாக ஒன்று தொடங்கி, பல படிகளுக்குக் கீழே, அதே எட்கர் ஸ்ட்ரீட்டில் ஆட ஆரம்பித்தார்கள்.

நீங்கள் பார்க்கத் தொடங்க வேண்டுமென்றால் ஏப்ரல் நல்ல மாதம். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்கள் நமக்கு இரவு ஏழரை. லீக் டூ பட்டியலைத் திறந்து மேலிருந்து படிக்காமல் கீழிருந்து படியுங்கள். 24, 23, கோடு, 22, 21. அந்த நாலைந்து பேரில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், எந்த ஊர் என்று வரைபடத்தில் தேடிக்கொள்ளலாம். மே முதல் வாரத்துக்குள் அவர்களுடைய கோல்கீப்பர் பேரும், மிச்ச ஆட்டங்கள் யாரோடு என்பதும் உங்களுக்குத் தானாக மனப்பாடமாகியிருக்கும்.